இரண்டு மோசஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனி. அதன் டைம் ஆபீசில், ஆட்களின் வருகைக் கணக்கைப் பார்ப்பது சுகிர்தாவின் வேலை. கேட்டில் ஒரு பட்டியல், கான்ட்ராக்டரிடம் ஒன்று, கேன்டீனில் இன்னொன்று. மூன்றையும் ஒப்பிட்டு, உள்ளே எத்தனை பேர் என்று பார்ப்பதற்குள் தினமும் மதியமாகிவிடும்.

ஜனவரியில் புது மென்பொருள் வந்தது. மூன்று பட்டியலையும் அதுவே சேர்த்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் மட்டும், ‘இருவரும் ஒரே நபரா?’ என்று கேட்கும். எம். மோசஸ் என்று இரண்டு பேர். பிறந்த தேதியும் ஒன்று, பள்ளிக்கூடத்தில் யாரோ போட்டுவிட்ட ஜூன் முதல் தேதி. ஒருவரே இரண்டு முறை பதிவாகியிருப்பதாக நினைத்து, சுகிர்தா ‘ஆம்’ என்று அழுத்தினாள்.

மார்ச்சில் ஒரு காலை, பெயின்ட்டில் கலக்கும் தின்னர் இருந்த குடோனில் தீப்பிடித்தது. வேலையில் இருந்தவர்கள் கேட் மெஷினில் கார்டைக் காட்டி வெளியே வந்தார்கள். உள்ளே இருப்போர் பூஜ்யம் என்றது சுகிர்தாவின் திரை. பாதுகாப்பு அதிகாரி ஆதிகேசவன் அதையே தீயணைப்பு வீரர்களிடம் சொன்னார். அவர்கள் பக்கத்து டேங்குக்குத் தீ பரவாமல் பார்ப்பதில் இறங்கினார்கள்.

கேன்டீனில் வேலை பார்க்கும் ஆரோக்கியமேரி வந்தாள்.

“மேடம், எங்க ஊட்டுக்காரரக் காணோம். மோசஸு. குடோன்ல வேல.”

“வெளிய வந்துட்டாருன்னு காட்டுதுக்கா. பத்து நாப்பதுக்குக் கார்டு போட்டுருக்காரு.”

“அது அவரு இல்ல. அதோ, மரத்தாண்ட நின்னுக்கினு கீறாரே, அவரும் மோசஸுதான். பேக்கிங் செக்சன்.”

சுகிர்தா ஆதிகேசவனிடம் ஓடினாள்.

“சார், ஒருத்தர் உள்ள இருக்காரு. ரெண்டு பேர நான் ஒண்ணாச் சேத்துட்டேன்.”

அதற்குள் அரை மணி நேரம் போயிருந்தது. கூரைத் தகடுகள் விழ ஆரம்பித்திருந்தன. “இப்ப ஆள அனுப்ப முடியாதும்மா, பின்பக்கச் சுவர உடைக்கிறோம்,” என்றார் தீயணைப்பு அதிகாரி. ஆரோக்கியமேரி அழவில்லை, சுகிர்தாவின் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பிடியோடு நிற்பதைத் தவிர சுகிர்தாவால் எதுவும் செய்ய முடியவில்லை.

மூச்சு இருக்கும்போதே மோசஸைத் தூக்கி வந்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன சுகிர்தா, தன் தவறைச் சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் ஆரோக்கியமேரி ஒரு காகிதத்தை நீட்டினாள்.

“டாக்டரு குடுத்தாரு. இங்கிலீஷ்ல கீது. இன்னா போட்டுக்குதுன்னு கொஞ்சம் சொல்லு மேடம்.”

சுகிர்தா படித்தாள். நுரையீரல் இரண்டும் வெந்துபோயிருப்பதாகவும், பிழைப்பது அரிது என்றும் எழுதியிருந்தது.

“பாத்துக்கினுதான் இருக்காங்களாம்க்கா,” என்றாள்.

நான்காம் நாள் மோசஸ் இறந்துபோனார்.