வியாகுல மாதா திரும்பிய பால்கனி

கசில்டாவுக்கு ரோஷம் அதிகம். அந்த ரோஷம் நாசமாய்ப் போக. சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் லாபம் என்று வீட்டுக்காரன் அவளைக் காலி பண்ணச் சொன்னபோது, ஸ்பெயினின் செவில் நகரத்தில் ஒருவரிடமும் மூச்சு விடாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர்க்கோடியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் நாசாரியோ பைக் விபத்தில் போய்ச் சேர்ந்த துக்கம் அப்போது ஆறக்கூட இல்லை.

தவக்காலத்தில் தெல்மோ போன் செய்தான். சான் பெலாயோ கோயில் வியாகுல மாதாவின் சப்பரம் தூக்கும் ஆட்களுக்கு அவன்தான் தலைவன். நாலு பக்கமும் துணி தொங்கும் அந்தச் சப்பரத்தின் அடியில், வெளியே எதுவும் தெரியாத இருட்டில், கடைசி வரிசையில் கழுத்துக் கொடுத்தவன் நாசாரியோ.

"அம்மா, பெரிய புதன் அன்னிக்கு உங்க வீட்டு முன்னாடி சப்பரத்த நிறுத்தி, மாதாவ உங்க பால்கனிப் பக்கம் திருப்புறோம். நீங்க அங்கயே நில்லுங்க."

அந்தக் கோயில் சபையில் சப்பரம் தூக்கியவன் செத்தால், மாதா இப்படித்தான் வீடு தேடி வந்து துக்கம் விசாரிப்பாள்.

"சரிப்பா."

"ஒண்ணு சொல்லிடறேன். நான் மேல நிமிந்து பாக்க மாட்டேன். உங்க முகத்தப் பாத்தா எனக்குக் குரல் வராது. என் குரல் இல்லேன்னா உள்ள இருக்கிற பசங்களுக்குக் கண்ணு இல்ல."

வீடு மாறியதை அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். கொஞ்ச நேரம் நிற்க இடம் கொடுங்கள் என்று வாடகைக்கு இருப்பவர்களைக் கேட்டால் கொடுக்காமலா போவார்கள் என்று நினைத்துவிட்டாள்.

பெரிய புதன் மதியம் கறுப்பு உடையும் முக்காடுமாகப் பழைய வீட்டு வாசலில் நின்று மணி அடித்தாள். பால்கனியிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் நாலைந்து பேர், ஆணும் பெண்ணுமாக, எட்டிப் பார்த்தார்கள். தன்னையும் பால்கனியையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். அவர்கள் சிரித்து, பீர் கிளாசை உயர்த்திக் கையசைத்தார்கள். மறுபடி அடித்தாள். ஒருவரும் இறங்கி வரவில்லை. அதற்குள் பேண்டு சத்தம் கேட்டது, சந்து நிறைந்துவிட்டது, கூட்டம் அவளை எதிர்ச்சுவரோடு தள்ளிக்கொண்டு போனது.

சப்பரம் வந்தது. மெல்ல மெல்லப் பால்கனியைப் பார்த்துத் திரும்பித் தரையில் இறங்கியது. தெல்மோ பால்கனிக்கு முதுகைக் காட்டி, சப்பரத்தின் முன்னால் நின்று, தூக்கத் தயாராகச் சொல்லி அதில் பொருத்திய இரும்புக் கட்டையைத் தட்டினான். சந்தே அடங்கிப் போனது.

"பசங்களா, இந்தத் தூக்கு நம்ம நாசாரியோவுக்கு. அவன் அம்மா மேல நிக்கிறாங்க. யாரும் அழக்கூடாது. வானத்துக்குத் தூக்குங்கடா."

'தெல்மோ' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் இருட்டுக்குள் குனிந்து நிற்கும் அத்தனை பிள்ளைகளுக்கும், யாரோ குடிகாரர்களுக்காகத் தூக்குகிறோம் என்று தெரிந்துபோகுமே. முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டாள்.

சப்பரம் ஒரே மூச்சில் எழுந்தது. கசில்டாவுக்கு மாதாவின் முதுகுதான் கிடைத்தது. நீள அங்கியின் ஜரிகையும், தொங்கும் துணிக்குக் கீழே கடைசி வரிசைக் கால்களும்தான். வருஷா வருஷம் கணுக்காலில் கட்டிய சிவப்பு நாடாவை வைத்து மகனின் காலைக் கண்டுபிடிப்பாள். பாவி மனசு இந்த வருஷமும் தேடியது.

மேலே கைதட்டினார்கள். போன்களில் படம் எடுத்தார்கள்.

பக்கத்தில் நின்ற பெண் முகத்தைச் சுளித்தாள். "இவங்கள்ல எவ அந்தப் பையனோட அம்மா? ஒருத்தி கண்ணுலயும் தண்ணி இல்லையே. இவளும் ஒரு தாயா?"

கசில்டா முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மாதா கோயிலுக்குத் திரும்பியதும் தெல்மோ போன் செய்தான். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

"அம்மா, சொன்ன மாதிரியே நான் நிமிரல. மாதா உங்களப் பாத்தாளா?"

பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த கசில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தாடா கண்ணு. என் முகத்தையே பாத்துட்டு நின்னா."