பயனர் என்பவர் என் சித்தி

1.

இந்தக் கதை ஓர் ஒப்பந்தத்தில் பிறந்தது. கனவில் வந்தது, பேருந்துப் பயணத்தில் உதித்தது என்று ஏதாவது சொல்லத்தான் ஆசை. நடந்தது வேறு. வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்க ஒரு சின்ன நிறுவனத்தைப் பிடித்தார்கள். பக்கங்களில் வரவேண்டிய வாசகங்களை எழுத அந்த நிறுவனம் என்னைப் பிடித்தது. கதை எழுதுகிறவன் பிழைப்புக்கு என்ன செய்வான் என்று அவ்வப்போது கேட்பீர்களே, இதைத்தான் செய்வான். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தை எழுதுவான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“சங்கக் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறும்போது அவளுக்குத் தெரியாது, இன்னும் ஒரு மணி நேரத்தில்”

வேண்டாம். அவளுக்கு எல்லாமே தெரியும். தெரியாதவன் நான்தான். அடுத்த முயற்சி:

“பயனரை மனதில் கொண்டு”

இதுவும் வேண்டாம். இந்தச் சொற்களை அந்த ஒரு மாதத்தில் நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். எந்த மனது, எந்தப் பயனர் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

2.

பழைய தளத்தைத் திறந்தால் தலைவர் வருவார். தலைவர் ரிப்பன் வெட்டுகிறார். மூன்று நொடி. தலைவர் மைக் பிடிக்கிறார். மூன்று நொடி. தலைவர் சக்கர நாற்காலி ஒன்றை வழங்குகிறார். அதில் உட்காரப்போகிறவர் படத்துக்கு வெளியே இருக்கிறார். மேலே பட்டியலில் தலைவர் செய்தி, செயலாளர் செய்தி, முன்னாள் தலைவர் செய்தி. ‘உதவி’ என்றும் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் தலைவரின் உரைகளை எப்படித் தரவிறக்குவது என்று விளக்கும். மாதிரிக்கு ஓர் உரை தானாகவே ஓடத் தொடங்கும்.

(சத்தியமாக இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை என்றால் கொஞ்சம் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.)

எங்கள் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் முப்பது வயதுப் பெண். குரலை உயர்த்தவே தெரியாதவர். முதல் கூட்டத்தில் செயற்குழுவின் ஒன்பது பேரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க மெம்பர்ஸ் இந்தத் தளத்துக்கு எதுக்கு வர்றாங்க?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் தொண்டையைச் செருமினார். “எங்களைப் பாக்கத்தான்.”

“அப்ப யாராவது ஒரு மெம்பரைக் கூட்டிட்டு வந்து, அவங்க எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாப்போமே.”

“நாங்களே மெம்பர்தானேம்மா?” என்றார் தலைவர். அவர் கடைசியாக ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பத்தொன்பது வருடம் இருக்கும்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “என் சித்தி இருக்காங்க.”

3.

அம்மாவின் தங்கை. இருபத்திரண்டு வருடமாக வீட்டு நர்ஸ். வந்ததும் “குழாய் எங்கே?” என்று கேட்டாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

(இந்தக் கை கழுவும் விஷயம் கதைக்காகச் சேர்த்தது போலத் தெரிகிறதா? எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கழுவினாளே, என்ன செய்வது?)

செயற்குழு சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்திருந்தது. வடிவமைப்பாளர் சித்தியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பதட்டப்படாதீங்க மேடம். உங்களை நாங்க சோதிக்கல, தளத்தைத்தான் சோதிக்கிறோம். நீங்கதான் எங்க பயனர்.”

“பயனரா? நான் மெம்பர்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்.”

“ஒரு வீட்ல உங்க மேல புகார் சொல்றாங்கன்னு வெச்சுக்குங்க. சங்கத்துக்கிட்ட உதவி கேக்கணும். இதுல எங்க போவீங்க?”

சித்தி மவுஸைத் தொடவில்லை. திரையில் தலைவர் ரிப்பன் வெட்டினார். மைக் பிடித்தார்.

“இதுல கிடைக்காதும்மா.”

“சும்மா தேடிப் பாருங்களேன்.”

“தேடிப் பாத்தாச்சு. போன வருஷமே.”

4.

இந்த இடத்தில் என் முதல் பிரதியில், “சித்தியின் கண்கள் குளமாயின, குரல் தழுதழுத்தது” என்று எழுதியிருந்தேன். பிரதியைப் படித்த சித்தி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்: “நான் எப்படா அழுதேன்?”

அழவில்லைதான். அடுத்த நர்ஸ் வந்ததும் நோயாளியின் நிலவரத்தை ஒப்படைப்பார்கள் இல்லையா, அந்தக் குரலில்தான் சொன்னாள்.

“மத்தியானம் ரெண்டு மணி. மாத்திரை எடுக்கப் போயிருந்தேன். பெரியவர் தானே கட்டில்லேர்ந்து எழுந்து விழுந்துட்டார். மணிக்கட்டு உடைஞ்சிருச்சு. மகன் வந்தார். நான் தூங்கிட்டதா எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், இல்லேன்னா போலீஸ்னார். நான் சமையல்கட்டுக்குப் போய் போன்ல இந்தத் தளத்தைத் திறந்தேன். புகார் வந்தா சங்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்து நம்ம பக்கத்துல உக்காருவாங்கன்னு விதிப் புத்தகத்துல இருக்கே. திறந்தா, தலைவர் வந்தார்.”

தலைவர் திடுக்கிட்டார். “நானா? எந்த வீட்டுக்கு?”

“படத்துல சார். தள்ளிவிட்டா அடுத்த படத்துலயும் நீங்கதான். சரின்னு ‘உதவி’யை அழுத்தினேன். நீங்க பேச ஆரம்பிச்சிட்டீங்க. அர்ப்பணிப்பு பத்தி. எனக்கு நிறுத்தத் தெரியல. ஹால்ல உக்காந்திருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு.”

“அப்புறம்?” என்றார் வடிவமைப்பாளர்.

“அப்புறமென்ன. கையெழுத்துப் போட்டேன். ஏழு மாசம் ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடல.”

அந்த ஏழு மாதமும் எங்களிடம் முழங்கால் வலி, அதனால் லீவு என்று சொல்லியிருந்தாள். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பாட்டில்.

வடிவமைப்பாளர் மவுஸை எடுத்துத் தேடினார். எங்களைப் பற்றி, அதற்குள் வரலாறு, அதற்குள் விதிகள், அதற்குள் பின்னிணைப்பு. கடைசியில் கோணலாக நகலெடுத்த ஒரு தாளின் அடியில் ஒரு தொலைபேசி எண். அங்கேயே தன் போனை எடுத்து அந்த எண்ணைப் போட்டார்.

பக்கத்து அறையில் மணி அடித்தது.

அது சாமான் அறை. பூட்டியிருந்தது. சாவி முந்தைய செயலாளரிடம் இருப்பதாக இப்போதைய செயலாளர் சொன்னார். முந்தைய செயலாளர் வெளிநாட்டில் மகளோடு இருப்பதாக இன்னொருவர் சொன்னார். மூடிய கதவுக்குப் பின்னால் அது அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

5.

இங்கே தலைவரை வில்லனாக்கினால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் மனிதர் நிஜமாகவே கலங்கிப்போனார். எழுந்து வந்து சித்தியின் முன்னால் கைகூப்பினார். “மன்னிச்சிடுங்க சிஸ்டர். இனிமே இப்படி நடக்காது.” அப்புறம் போட்டோகிராபரைக் கூப்பிட்டார்.

மூன்று வாரத்தில் புதிய தளம் வந்தது. வடிவமைப்பாளர் தன் வரைவில் உச்சியில் ஒரு சிவப்புப் பட்டை வைத்திருந்தார். அதில் உதவி எண் மட்டும், பெரிய எழுத்தில். அது கண்ணை உறுத்துகிறது என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது. அந்த இடத்தில் தலைவர் சித்தியின் கையைப் பிடித்திருக்கும் படம் வந்தது. படத்தின் அடியில்: “உறுப்பினரின் கண்ணீர் துடைக்கும் சங்கத்தின் கரம்.”

அந்த வரியை எழுதியவன் நான். கேட்டார்கள், எழுதினேன். எதுகை இல்லை என்று தலைவருக்கு லேசான வருத்தம்கூட.

வடிவமைப்பாளர் எனக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினார்: “நீங்களுமா?” பதில் எழுத ஏழெட்டுத் தடவை தொடங்கினேன், ஒன்றும் அனுப்பவில்லை.

சித்தியிடம் நானே போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் அடியில் இருந்த வரியைப் படித்தாள்.

“இது யாரு கண்ணீர்டா?”

“சித்தி...”

“நீ எழுதினதா?”

“ஆமா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“இப்ப இன்னொருத்தி எவ வீட்டுச் சமையல்கட்டுலயோ நின்னு இதைத் திறப்பா. என் மூஞ்சி வரும். இளிச்சுக்கிட்டு. அவளுக்கு நான் என்னடா பதில் சொல்றது?”

(சங்கம் அவளைப் படமாக்கியது. நான் அவளைக் கதையாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன்.)

6.

தளத்தைத் திருத்தும் கடவுச்சொல் இன்னும் என்னிடம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் அதை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உதவி எண்ணை நானே திரும்ப மேலே போட்டுவிடட்டுமா என்று சித்தியிடம் கேட்டேன்.

“அந்தப் பூட்டின ரூம் நம்பரைப் போட்டு என்ன பிரயோஜனம்? என் நம்பரைப் போடு,” என்றாள் சித்தி.

“மாட்டிக்குவோம் சித்தி. உங்களை மெம்பர்ஷிப்லேர்ந்தே தூக்கிடுவாங்க. சங்கத்து அட்டை இல்லேன்னா யாரும் வேலைக்கு எடுக்க மாட்டாங்க.”

“ஏழு மாசம் இருந்து பாத்தவதானே. போடு.”

கண்ணீர் வரியை அழித்தேன். அந்த இடத்தில் எழுதினேன்: “வேலை பார்க்கும் வீட்டில் புகாரா? எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.” கீழே சித்தியின் எண். இருபது வருடம் எழுதியதில் யாருக்காவது உபயோகப்பட்ட என் முதல் வரி அதுதான் என்று நினைக்கிறேன்.

பதினொரு நாள் செயற்குழுவில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள், படம் அப்படியே இருந்தது. அந்தப் பதினொரு நாளில் பத்தொன்பது அழைப்புகள். பல பேருக்குப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான்கு வீடுகளுக்குச் சித்தி நேரில் போனாள். போய், கையைக் கழுவிவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறொன்றும் செய்யவில்லை என்கிறாள்.

அந்த நால்வரில் ஒருத்திதான் எங்களை மாட்டிவிட்டாள், பாவம், நல்ல மனதோடு. “எனக்காக ஆள் அனுப்பிய தலைவருக்கு நன்றி” என்று கடிதம் எழுதிவிட்டாள். கடிதத்தைத் தலைவர் பெருமையாகக் கூட்டத்தில் வாசித்தாராம். வாசித்து முடித்துவிட்டு, “ஆமா, யாரை அனுப்பினோம்?” என்று கேட்டாராம்.

எங்கள் இருவரையும் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

7.

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்றில் சித்தியை நீக்குகிறார்கள். அறச்சீற்றம் பிடித்தவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் தலைவர் மனம் மாறி, சேவையைச் சங்கமே ஏற்று நடத்துகிறது. மறுநாள் முகப்பில் தலைவர் போன் பேசுகிற படம். மூன்றாவதை எழுதத் தொடங்கி, “அப்போது உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் படியேறி” என்பதோடு நிறுத்திவிட்டேன். யாரும் படியேறி வரவில்லை. வேலைநாள், எல்லாரும் யார் யார் வீட்டிலோ இருந்தார்கள்.

வந்தது நாங்கள் இருவர் மட்டும். செயற்குழு அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிப் பையில் வைத்திருந்தேன், இருவருக்கும் சேர்த்து, நல்ல நடையில். சித்தியிடம் காட்டத் தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. செயலாளர் எட்டிப் பார்த்தார். “உள்ள வாங்க. எல்லாரும் காத்திருக்காங்க.”

அதே நேரம் சித்தியின் போன் அடித்தது. அவளுக்குத் தெரியாத எண். செயலாளரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் ஒரு விரலைக் காட்டினாள். அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டார்கள். பேசுவது சங்கம்தானா என்று கேட்டிருப்பார்கள் போல.

சித்தி பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“சங்கம்தாம்மா பேசுறேன். நிதானமா சொல்லு.”

செயலாளர் கதவைப் பிடித்தபடியே நிற்கிறார். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எழுதினால் அவள் பேச்சுக்கு இடையூறாக இருக்கும்.