நிரந்தரத்தின் சம்மதம்

கொள்கை ஆய்வுத் துறையின் மூத்த பேராசிரியர் மாரடைப்பில் செத்துப்போன பிறகும் முனைவர் பட்டக் குழுக்களின் கூட்டத்துக்கு நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். குழுவில் ஒருமுறை உட்கார்ந்தவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் விலக முடியும் என்பது துறையின் விதி. செத்தவருக்குப் பேனா பிடிபடவில்லை. உயிரோடு இருந்தபோதே மாணவர்கள் அவரை நிரந்தரம் என்றுதான் சொல்லிவந்தார்கள் என்பதால் பெயரை மாற்றும் வேலையும் இல்லாமல் போயிற்று. அவர் உட்காரும் பக்கம் தேநீர் சீக்கிரம் ஆறும், காகித ஓரங்கள் ஈரத்தில் சுருளும். எழுத்தர் வருகைப் பதிவில் அவருக்கும் ஒரு டிக் போட்டுவிட்டு மின்விசிறியைக் குறைத்து வைப்பார்.

அந்தப் படிப்பின் அமைப்பு இப்படி: முதல் இரண்டு வருடம் புள்ளியியல், பொருளியல், அரசு நிர்வாகம் என்று வகுப்புகள். பிறகு தகுதித் தேர்வு, அதில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். தேறியவருக்கு வழிகாட்டி ஒருவர், துறைக்குள்ளிருந்து இருவர், வெளியிலிருந்து ஒருவர் என நால்வர் குழு. என்ன ஆராயப் போகிறோம் என்பதைக் குழுவின் முன் வைத்து அனுமதி வாங்கி, பிறகு ஊர் ஊராக அலைந்து ஆள் ஆளாகக் கேட்டு எழுதி, ஏழு வருடத்துக்குள் வாய்மொழித் தேர்வில் நால்வரும் சரி என்றால் பட்டம். ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் அவ்வளவுதான். நிரந்தரம் எந்த ஆய்வேட்டுக்கும் ஒரே வாக்கியம்தான் வைத்திருந்தார்: “இன்னும் ஆதாரம் வேணும்.” அதைக் கேட்டுக் கேட்டு ஒருவன் காப்பீடு விற்கப் போனான், ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு ஊரை விட்டே போனாள்.

சூளையில் செங்கல் அறுத்தவர்களின் மகள் என்பதால் துறையில் செங்கல் என்றே அழைக்கப்பட்டவளுக்கு அது ஏழாவது வருடம். சூளைக் குடும்பங்களைக் குடிசையிலிருந்து கிளப்பி அடுக்குமாடியில் ஏற்றிய திட்டம்தான் அவள் ஆய்வு. திட்டத்தை வரைந்தவரே நிரந்தரம். அவர் குழுவில் இருந்தால் ஆய்வுக்கு மரியாதை என்று அவர் உயிரோடிருந்த காலத்தில் வழிகாட்டி அம்மாள் கணக்குப் போட்டதில் வந்த வினை. கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் தரையோடு நின்றது. அவளுடைய அப்பா ஐந்தாம் மாடிக்குக் குடம் சுமந்தவர், ஒருநாள் படியில் உட்கார்ந்தார், எழவில்லை. ஆய்வேட்டில் அவர் ‘பதிலளித்தவர் ஒருவரின் கணவர்’ என்று அரை வரியில் இருந்தார்.

“இன்னும் எத்தன வருஷம்டி இழுக்கும்?” என்று அம்மா கேட்டாள்.

“இதோட முடிஞ்சுது. ஒரு செத்த மனுஷன் சரின்னு சொன்னா பட்டம், இல்லன்னா ஒண்ணுமில்ல.”

“உசுரோட இருக்கறவனே நமக்கு சரின்னு சொல்ல மாட்டான். ஊரெல்லாம் போய்க் கேட்டியே, அவனக் கேட்டியா?”

கேட்கவில்லை. கட்டியவர், காவல் நின்றவர், குடியிருப்பவர் என்று எல்லாரிடமும் பேட்டி எடுத்தவள், எதிரிலேயே உட்கார்ந்திருந்தவரை விட்டுவிட்டாள். யாரிடம் சாட்சியம் வாங்கினோமோ அவர் அந்த ஆய்வுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றொரு விதியும் இருந்தது. அந்த விதியை மனதில் வைத்துத்தான் மத்தியான வேளையில் ஒலிப்பதிவுக் கருவியோடு கூட்ட அறைக்குள் போனாள். போன பிறகு விதி மறந்துபோயிற்று.

“பேட்டி குடுக்க உங்களுக்குச் சம்மதமா, சார்?”

அறையில் குளிர் ஏறியது. “இத்தன வருஷத்துல யாரும் கேக்கல. சம்மதம்தான், கேளும்மா.”

“குழாய ஏன் கீழயே நிறுத்துனீங்க?”

“மேல ஏத்துனா செலவு கூடும், திட்டம் தேறாதுன்னாங்க. சொமந்து பழகுன ஒடம்பு, ஏறிக் கொண்டுபோவாங்கன்னு நான்தான் எழுதுனேன்.”

“எங்கப்பாவும் சொமந்து பழகுனவர்தான்.”

“எத்தனாவது மாடி?”

“அஞ்சு.”

இந்த முறை அவர் ஆதாரம் வேணும் என்று கேட்கவில்லை. பிறகு கருவியைப் போட்டுக் கேட்டபோது அவர் குரல் கடைசிவரை தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு ஆள் படியேறும் மூச்சும், குடம் சுவரில் இடிக்கும் சத்தமும் பதிவாகியிருந்தன. வழிகாட்டி அம்மாள் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூச்சையும் சேர்த்தே எழுதும்மா. அது யாருன்னு நான் கேக்க மாட்டேன்.”

வாய்மொழித் தேர்வில் மற்ற மூவரும் சில்லறைத் திருத்தங்களோடு சரி என்றார்கள். சாட்சியாகிவிட்டவரின் நாற்காலி காலியாக இருந்தது, விதிப்படி மூவர் சம்மதமே பட்டத்துக்குப் போதுமானதாயிற்று. அந்தப் பக்கத்துத் தேநீர் ஆறவே இல்லை. மற்றக் குழுக்களுக்கும் அவர் அதன்பின் வரவில்லை, விதிக்கு விளக்கம் கேட்டு எழுத்தர் மேலிடத்துக்கு எழுதியதற்குப் பதிலும் வரவில்லை.

நிரந்தரம் அடுக்குமாடிக்கு வந்திருந்தார். காலையில் நிறைகுடம் ஒன்று ஆளில்லாமல் படியேறுவதை முதலில் பார்த்தவள் மூன்றாம் மாடிக்காரி. நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்தாம் நாள், “ஐயா, சிந்தாம போங்க, இப்பத்தான் தொடச்சு விட்டேன்” என்று சத்தம் போட்டாள். கொஞ்ச காலத்தில் எல்லா வீட்டுக் குடங்களும் குழாயடியில் வரிசைக்கு வந்தன. ஐந்தாம் மாடியில் அம்மா கதவைத் திறந்து குடத்தை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, “கழுத்து வரைக்கும்கூட இல்ல. நாளைக்கு வெயிலுக்கு முன்னாடி வாங்க” என்றாள்.

மறுநாள் அவர் விடிவதற்குள்ளேயே வந்துவிட்டார்.