பின்னால் நடந்தவள்

என் படம் மொத்தமே பன்னிரண்டு நிமிடம். ஒரு பெண் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிறாள், ஒருவன் அவளைப் பின்தொடர்கிறான், அவ்வளவுதான் கதை. திரைப்படக் கல்லூரி வகுப்பில் திரில்லர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இறுதியாண்டில் எங்கள் மூன்று பேருடைய கதைகள், இயக்கம் கற்றுத்தரும் மேடத்தின் மேசையில் இருந்தன. கல்லூரியின் நல்ல கேமரா ஒன்றுதான், அது இரண்டு படங்களுக்குத்தான் கிடைக்கும். கிடைக்காதவர் மற்ற இருவரின் படத்தில் விளக்குத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். முந்தைய வருடமே நான் வேண்டிய மட்டும் விளக்குத் தூக்கியிருந்தேன்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. படப்பிடிப்புக்கு முன்பே முழுப் படத்தையும் போனில் எடுத்து, கோர்த்து, காலடிச் சத்தம் வரை சேர்த்து அவருக்குக் காட்ட வேண்டும். அதற்கு ஒத்திகைப் படம் என்று பெயர். நடிகர் வேண்டாம், விளக்கு வேண்டாம், யாரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை விநாடி என்பதைக் கடிகாரம் வைத்து அளந்திருக்க வேண்டும். என் எழுத்துப் பிரதியின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதியிருந்தார்: "பயம் பேப்பர்ல இருக்கு, கால்ல இல்ல. நடந்து பாருங்க."

நடந்து பார்த்தோம். என் கேமராக்காரனுக்கு வகுப்பில் நெட்டை என்று பெயர். அவன் நாடகக் குழுவிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தான். அவள் மூன்றாவது அடியிலேயே திரும்பிப் பார்த்தாள், கண்ணை விரித்தாள், நெஞ்சில் கை வைத்தாள். பின்னால் வருபவன் உன்னைக் கொல்ல வருகிறான், கல்யாண ஆல்பம் எடுக்க வரவில்லை என்று நெட்டை சொல்லிப் பார்த்தான். நெட்டையைப் பார்த்தால் பயம் வரவில்லை, பசிதான் வருகிறது என்றாள் அவள். நாங்கள் சிரித்தோம். அன்றைக்கு எடுத்த பதினேழு துண்டுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும். அன்று செவ்வாய்.

அந்த நடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கதையே என் அக்காவுடையது.

அக்கா ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் தவறினாலும் அவள் விரல் கண்டுபிடித்துவிடும். இரண்டரை வருடத்துக்கு முன் ஒருவன் பதினோரு வாரம் அவள் பின்னால் வந்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை, தொட்டதில்லை. தெரு எல்லோருக்கும் பொதுதானே என்றார் அப்பா. வேறு பஸ்ஸில் வா என்றாள் அம்மா. புகார் எழுதிக்கொண்ட போலீஸ்காரர், அவன் என்னதான் செய்தான் என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். ஒன்றும் செய்யவில்லை என்பதைத் தவிர அவளிடம் பதில் இல்லை. வீட்டில் நான் ஒருத்திதான் அவளை நம்பினேன். தினமும் நிறுத்தத்துக்குப் போய் நின்று அவளோடு நடந்து வந்தேன். பிறகு அவன் வருவது நின்றது. ஆனால் அவள் தனியாக நடக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருடமும் நான் போனேன். ஒரு நாள் போன் செய்து, இன்றைக்கு நானே வந்துவிடுகிறேன் என்றாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்தச் செவ்வாய்க்கு எட்டு மாதம் முன்பு நடந்தது அது.

கதை எழுதும்போது அவளிடம் கேட்டுத்தான் எழுதினேன். யாரோ ஒருத்தியைப் பற்றி என்று சொன்னேன், அவளும் அதை நம்பியதுபோல் இருந்தாள். எப்படிப் பின்னால் பார்ப்பாய் என்று கேட்டதற்கு, "திரும்பிப் பாத்தா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். பையை இந்தக் கையிலருந்து அந்தக் கைக்கு மாத்துவேன். அப்ப தோள் கொஞ்சம் திரும்பும்ல, அது போதும்," என்றாள். என் பட்டியலில் ஒன்பதாவது ஷாட் அது.

நெட்டை அந்த யோசனையை விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். உங்க அக்கா ஆறு மணி பஸ்ஸில்தானே வருவார்கள், அவர்கள் நடையைப் பின்னாலிருந்து அளந்தால் என்ன, முகம்கூட வேண்டாம் என்றான். நான் கோபப்பட்டிருக்கலாம். அவன் அதை எதிர்பார்த்தான் என்றே நினைக்கிறேன், சொன்னவுடன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். நான் கோபப்படவில்லை. சொல்லிவிட்டு எடுத்தால் அவளும் நடிப்பாள் என்று யோசித்தேன். முகம் தெரியாது, ஐந்து நிமிடம்தான், முடிந்ததும் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே சரி என்று முடிவெடுத்த மனதுக்குக் காரணம் கிடைப்பது கஷ்டமே இல்லை.

பின்னால் நடப்பது யார் என்பதுதான் பாக்கி. நெட்டை சட்டென்று சொன்னான்: "என்னைப் புடிச்சா அடிப்பாங்க. உன்னைப் புடிச்சா சிரிப்பாங்க." அவனுடைய மேல்கோட்டையும் ஷூவையும் நான் போட்டுக்கொண்டேன். ஷூ பெரிதாக இருந்தது, உள்ளே செய்தித்தாளைத் திணித்தோம். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும், ஓர் ஆண்பிள்ளையின் கனமான குதிகால் சத்தம். அவன் என் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரியில் வந்தான், அவன் கையில் ஒரு போன், என் கையில் ஒரு போன்.

புதன்கிழமை மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. அக்கா இறங்கினாள். நான் பத்து அடி விட்டுத் தொடர்ந்தேன்.

டயர் கடை, நாற்பது விநாடி. மருந்துக் கடை, ஒரு நிமிடம் பத்து. அவள் தோள்கள் தளர்ந்துதான் இருந்தன, கடைக் கண்ணாடியில் எதையோ பார்த்துக்கொண்டே போனாள். கிடங்கின் நீளமான சுவர் தொடங்கும் இடத்தில் தெரு ஆளற்றுப் போகும். அங்கே என் ஷூ சத்தம் அவளுக்குக் கேட்டது. எப்படித் தெரியும் என்றால், அவள் கழுத்து சற்றே உள்வாங்கியது. ஒன்று ஐம்பத்திரண்டில் பையைக் கை மாற்றினாள்.

நான் அவளைக் கூப்பிட வேண்டிய இடம் அது. அக்கா என்று ஒரு சொல் போதும். வாய்வரை வந்தது. அதே சமயம் போன் திரையில் பார்த்தேன், தோள் திரும்பிய அந்தக் கோணத்தில் அவள் காதோரம் மட்டும் வெளிச்சம் விழுந்து, அவ்வளவு சரியாக இருந்தது. இன்னும் ஐந்து விநாடி என்று நினைத்தேன்.

அவள் நடையை மெதுவாக்கினாள். வருகிறவன் தாண்டிப் போகட்டும் என்று இடம் விட்டாள். என் பட்டியலில் பத்தாவது ஷாட்டில், அவள் மெதுவானால் அவனும் மெதுவாவான் என்று எழுதியிருந்தேன். நானும் மெதுவானேன்.

அதன் பிறகு அவள் ஓடவில்லை, ஓடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரே சீராக, யாரோ அளந்து வைத்ததுபோல் காலை எடுத்து வைத்தாள். எங்கள் கட்டடத்தின் வாசல் வந்தது. அவள் திரும்பவில்லை, வாசலை ஏறிட்டும் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத வீட்டைக் கடப்பதுபோல் கடந்து போனாள். வீடு எது என்று பின்னால் வருபவனுக்குத் தெரியக் கூடாது.

இது என் எழுத்தில் இல்லை. அவள் சொன்னதும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷத்தில் சிலிர்த்தது. படத்துக்கு முடிவு கிடைத்துவிட்டது.

நான்கு வீடு தள்ளி இருந்த சலவைக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள். நான் எதிரே ஒரு தூணின் அருகில் நின்று, கண்ணாடி வழியாக அவளை எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. திரையில், கண்ணாடிக்குப் பின்னால் காதில் போனை வைத்து நிற்கும் அவள் உருவத்தின் மேலேயே, அக்கா என்று எழுத்து வந்தது. நான் எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. பதிவை நிறுத்தினேன், கோட்டைக் கழற்றி நெட்டையிடம் கொடுத்தேன், செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டேன். மூன்றாவது முறை எடுத்தேன்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். வீட்டில்தான் என்றேன்.

"சலவைக்கடைக்கு வா. தனியா வராத. அப்பாவையும் கூட்டிட்டு வா," என்றாள். குரல் மிகச் சாதாரணமாக இருந்தது.

வீட்டிலிருந்து வர எத்தனை நேரம் ஆகுமோ அத்தனை நேரம் கட்டடத்தின் பின்பக்கம் நின்றுவிட்டு, தனியாகப் போனேன். கடைக்கார அம்மா இஸ்திரிப் பெட்டியும் கையுமாக வாசலில் நின்றிருந்தாள். "வரட்டும் அவன், ஒரு சுருக்கம் இல்லாம தேச்சு அனுப்பறேன்," என்று தெருவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே மடித்த துணிகளுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தனியாக வந்ததற்கு என்னைத் திட்டினாள், அவன் உன்னையும் பார்த்து வைத்துக்கொண்டால் என்ன செய்வாய் என்றாள். திரும்பும்போது என்னைச் சுவர்ப் பக்கம் விட்டு, தெருப் பக்கம் அவள் நடந்தாள். என் முழங்கையை அவள் விடவே இல்லை. அந்த நூறு அடியில் எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில், காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் அவள் வேலைக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகைப் படத்தைக் காட்டினேன். வாசலைக் கடந்து போகும் இடத்தை மேடம் இரண்டாம் முறை போடச் சொன்னார். கடைசியில் கண்ணாடிக்கு வெளியிலிருந்து எடுத்ததில் படம் இரண்டு முறை ஆடுகிறதே, அந்த ஆட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பார்க்கிறவனுக்கும் மனசாட்சி இருப்பதுபோல் தோன்றுகிறது என்றார். கேமரா எனக்கென்று சொல்லிவிட்டார். பிறகு, நடந்த பெண் யார் என்று கேட்டார். அக்கா என்றேன். ஒத்திகையானாலும் அவரிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வாருங்கள், திங்கட்கிழமை அதை வைத்தால்தான் தேதி தருவேன் என்றார்.

கையெழுத்து தேவைப்படாமல் இருந்திருந்தால் நான் அவளிடம் சொல்லியிருப்பேனா என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பாவும் அம்மாவும் வெளியே போயிருந்தபோது, போனை அவள் முன் வைத்தேன். லென்ஸில் கீறல் தேடுவதுபோல் குனிந்து பார்த்தாள். பையை மாற்றும் இடத்தில் அவள் கை மேசைமேல் அசைந்தது. முடிந்ததும் கடைசிப் பகுதிக்குத் தானே தள்ளிப் போனாள்.

"இங்க ஏன் படம் ஆடுது?"

"போன் அதிர்ந்துச்சு."

இன்னொரு முறை ஓடவிட்டாள். இரண்டாவது ஆட்டம் வரும்வரை பார்த்தாள்.

"நான் கூப்பிட்டதா?"

"ஆமா."

"உன் கையில இருந்துச்சு."

"ஆமா, அக்கா."

தலையை ஆட்டினாள். அழுவாள், அல்லது அடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டில் ஒன்று நடந்தால் நானும் அழுது, காலில் விழுந்து, எல்லாவற்றையும் ஒரு வழியாக முடித்துவிடலாம். அவள் பேனா கேட்டாள். நீ போட வேண்டாம், நான் படத்தையே விட்டுவிடுகிறேன் என்றேன். சொல்லும்போதே அதில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

"விட்டுட்டு, எனக்காகத்தான் விட்டேன்னு காலம் பூரா சொல்லிட்டு இருப்ப. அது வேண்டாம். எடு," என்றாள்.

படிவத்தை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். பெயர், வயது, முகவரி. கீழே, அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு கட்டம். அவள் வேலைக்குச் சேர்ந்தபோதும், பல் பிடுங்கப் போனபோதும், அந்தக் கட்டத்தில் எழுதியது என் பெயரைத்தான். பேனா அங்கே சற்று நின்றது. தன் போனை எடுத்து எதையோ தேடிப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக எழுதினாள். கையெழுத்துப் போட்டு, காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை மேடம் படிவத்தைச் சரிபார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, சலவைக்கடை அம்மா என்று போட்டிருக்கிறதே, உங்களுக்கு உறவா என்று கேட்டார்.

"எனக்கு இல்ல மேடம். அக்காவுக்கு," என்றேன்.

அவர் முத்திரை குத்தி, கேமராவுக்கான தேதியை எழுதிக் கொடுத்தார்.