கவிழ்த்துப் போட்டால் தூங்கும்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸான எனக்குத் 'தூக்க மாத்திரை' என்று பட்டப்பெயர். எந்தப் பிள்ளை சிணுங்கினாலும் கவிழ்த்துப் போட்டு முதுகில் மெல்லத் தட்டுவேன், அடங்கிவிடும். அங்கே ஒவ்வொன்றின் மார்பிலும் வயர் ஒட்டியிருக்கும். மூச்சு கொஞ்சம் தடுமாறினால் போதும், மெஷின் ஊரைக் கூட்டிவிடும். வீட்டுக்குப் போகும் குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், பக்கத்தில் தலையணைகூட வைக்கக்கூடாது என்று தாய்மாரை மிரட்டி அனுப்புவதும் நான்தான்.

போன வாரம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். கைக்குழந்தை அழுத அழுகையில் தம்பி மனைவி பாதியாகிப் போயிருந்தாள்.

"அண்ணி, நீங்கதான் ஒரு கை பாக்கணும்."

கேட்டால் விடுவேனா? கவிழ்த்துப் போட்டேன். தூங்கிவிட்டது. எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிப் பார்த்தேன் என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. "அண்ணி கை ராசியான கை" என்று அவள் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று மதியம் போனபோது அவள் சமையலறையில் சந்தோஷமாக இருந்தாள்.

"நீங்க போட்ட மாதிரியே போட்டேன் அண்ணி. அசையவே இல்ல."

ஓடினேன். மெத்தென்ற போர்வையில் மூக்கு புதைந்திருந்தது. புரட்டினேன், உதடு நீலம். பெயர் சொல்லிக் கத்தினேன், உள்ளங்காலைச் சுண்டினேன். ஒரு விக்கல், பிறகு அழுகை. எனக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சோதித்துவிட்டு, பயமில்லை என்றார் டாக்டர். அதற்குள் தம்பி வேலையிலிருந்து ஓடி வந்தான். வந்ததும் மனைவி மேல் பாய்ந்தான்.

"போன்ல எதையாவது பாத்துட்டுப் பண்ணுவியா? அக்காவ ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா உனக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "விடுடா, புள்ள நல்லாருக்குல்ல" என்றேன், பெரிய மனுஷி மாதிரி. சொன்ன வாயைக் கிள்ள வேண்டும். தம்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"நீ இல்லன்னா என் புள்ள இல்லக்கா."

அதற்கு மேல் தாங்கவில்லை. கையை உருவிக்கொண்டேன்.

"கவுத்துப் போட்டுக் காட்டுனதே நான்தான்டா. தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தான்.

"நீ ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்றாள்.