மேரிக்கு எழுதிய புகார்

மகள் ஜெர்லின் பிரான்சுக்கு வேலைக்குப் போய் இது இரண்டாவது குளிர்காலம். ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். வீடியோவில் மட்டும் வரமாட்டாள். "மொகத்தப் பாத்தா நீ அழுவ, வேணாம்மா" என்பாள். பெற்றவள் அழாமல் பக்கத்து வீட்டுக்காரியா அழுவாள்?

அந்த ஊரில் மாதா கோயிலுக்கு முன்னால், சுற்றுலா வருபவர்களுக்காக ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் சூசைதான் கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து மதியம் சாப்பிட்டதும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். அங்கே அப்போதுதான் காலை. வேலைக்குப் போகிற வழியில் ஜெர்லின் வாசலிலிருக்கும் மாதா சுரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வெள்ளைக்காரர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. முகம் இளைத்துவிட்டதோ என்று உற்று உற்றுப் பார்ப்பேன்.

என் வாய் சும்மா இருந்தால்தானே! ஒரு ஞாயிறு, "வெள்ளிக்கெழம ஏன்டி ஸ்வெட்டர் போடாம போன?" என்று கேட்டுவிட்டேன்.

"கேமராவுலயா பாக்குற?" என்று கேட்டாள். பிறகு, "கேமராவுல ஜனங்க மொகம் தெரியக்கூடாதுன்னு இங்க சட்டம் இருக்கும்மா. நான் மேரிக்கு எழுதப் போறேன்" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். பாவம், மனசு விட்டுப் பேச மேரி என்று ஒருத்தி கிடைத்திருக்கிறாளே! "எழுதுடி, நானும் கேட்டேன்னு சொல்லு" என்றேன்.

கொஞ்ச நாளில், ரப்பர் போட்டு அழித்த மாதிரி எல்லோருக்கும் முகத்தை மட்டும் காணவில்லை. நான் போனை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சூசை விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடி ஆரோக்கியம், பிரெஞ்சுல மேரின்னா டவுன்ஹால், நகராட்சி ஆபீசு. நம்ம ஊரு பீச் ரோட்டுல பிரெஞ்சுக்காரன் கட்டுன மேரி கட்டடம் இல்ல? அந்த மாதிரி. ஒம்பொண்ணு ஒம்மேல புகார் குடுத்திருக்கா."

ஆத்திரத்தில் அந்த ஞாயிறு அவள் போனை நான் எடுக்கவே இல்லை. ஆனாலும் திங்கள் மதியம் மனசு கேட்கவில்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை எனக்கு.

பழைய நீல ஸ்வெட்டரில், முகமில்லாத ஒருத்தி வந்தாள். மாதாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கேமராவுக்கு நேராக வந்து அண்ணாந்து நின்றாள். ஒருநாளும் அப்படி நின்றதில்லை. அவள் தோள் குலுங்கியது. கையை முகத்துக்குக் கொண்டுபோய்த் துடைத்துக்கொண்டாள்.

சூசையின் போனைப் பிடுங்கி அவளைக் கூப்பிட்டேன். அங்கே அவள் பையைத் துழாவி போனைக் காதில் வைப்பது தெரிந்தது.

"நான் ஒண்ணும் அழலப்பா" என்றாள்.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.