கேட்டதும் அழித்த குரல்

போடியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தர்ம ஆஸ்பத்திரியில் சந்திரவல்லிக்குக் கொடுத்திருந்த அறை, அதற்கு முன்பு பஞ்சும் கட்டுத்துணியும் அடுக்கிவைத்த அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பானை. மதுரையில் மனநோய் வார்டில் எட்டு வருஷம் நர்ஸாக இருந்து, அதற்கென்று தனிப் படிப்பும் படித்துவிட்டு வந்தவள் அவள். புதன்கிழமைதோறும் அந்த அறையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்பாள். மாத்திரை கொடுக்க மாட்டாள், ஊசி போட மாட்டாள். அதனால் ஊரில் அவளுக்குப் ‘பேச்சு நர்ஸம்மா’ என்று பெயர் விழுந்துவிட்டது. உண்மையில் அவள் பேசுவது குறைவு.

அவளிடம் வந்தவர்களில் ஒருத்தி மாயக்காள். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். ஒரே பிள்ளை காய்ச்சலில் போன பிறகு, ஒருநாள் தோட்டத்துப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள். பிழைக்க வைத்த டாக்டர்தான் அவளைச் சந்திரவல்லியிடம் அனுப்பினார். ஏழு மாதமாகப் புதன்கிழமை தவறாமல் ஜீப்பில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். முதல் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. பானைத் தண்ணீரை ஒரு சொம்பு குடித்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்து போவாள். மூன்றாவது மாதம்தான், “நர்ஸம்மா, எனக்கு மறுபடி பசிக்குது. இது தப்பா?” என்று கேட்டாள்.

எண்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, அந்தத் தோட்டத்தில் வாந்திபேதி கண்டது. ஒரே வாரத்தில் இருபது பேர் படுத்துவிட்டார்கள். மூன்று பேர் போய்விட்டார்கள். சுகாதார அதிகாரிகள் வந்து பாதையை அடைத்தார்கள். மேலே இருக்கிறவர்கள் கீழே வரக்கூடாது. கீழேயிருந்து, ஊசி போட்டுக்கொண்ட டாக்டர், நர்ஸ் தவிர யாரும் மேலே போகக்கூடாது. அரிசியும் பிளீச்சிங் பவுடரும் ஏற்றிய ஜீப்பு தோட்டத்துக் கேட்டு வரைக்கும் போய், இறக்கிவைத்துவிட்டுத் திரும்பும். அதை ஓட்டியவர் வெள்ளைத்துரை.

சந்திரவல்லி பெரிய டாக்டரிடம் போய், தன்னையும் மேலே அனுப்பச் சொன்னாள்.

“அங்க ஆளுக வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்காக. நீங்க போயி என்னம்மா பேசப் போறீக?” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, மூன்று நாளாகத் தூங்காத மனுஷர். “இங்க உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கட்ட ஆளில்ல. கொஞ்சம் கை கொடுங்க.”

அவளும் பொட்டலம் கட்டினாள். அவளது அறையில் உப்பு மூட்டையும் சர்க்கரை மூட்டையும் ஏறின. புதன்கிழமை வந்தது. மாயக்காள் வரவில்லை. வர முடியாது என்று தெரிந்தும், ஜீப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் தலை வாசல் பக்கம் திரும்பியது. போன தடவை சாவைப் பார்த்து என்ன செய்தவள் மாயக்காள்? இப்போது அவளைச் சுற்றிலும் சாவு.

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதி வெள்ளைத்துரையிடம் கொடுத்துவிட்டாள். ‘முன்பு மாதிரி மனசு போனால், மருந்து இருக்கிற பக்கம் போகாதே. யார் கையையாவது பிடித்துக்கொள்’ என்று அதில் இருந்தது. மாயக்காளுக்கு எழுத்துத் தெரியாது என்பது அவள் நினைவில் இருந்தது. யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்றும் நினைத்தாள். யார் வாசிப்பார்கள், எங்கே வைத்து வாசிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

மறுநாள் வெள்ளைத்துரை வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கணக்கப்பிள்ளதான் வாசிச்சாராம் நர்ஸம்மா. ரேசன் வாங்க வந்த கூட்டத்துல வெச்சு, சத்தமா. மாயக்கா அப்ப ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல கெடந்துச்சுன்னுதான் லயன் வீடுகள்ல எல்லாரும் நெனச்சிருந்தாகளாம். இப்ப மருந்து குடிச்சது அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போச்சு. அது குடத்தக் கீழ வெச்சிட்டு உள்ள போனதுதானாம், வெளியவே வரலயாம்.”

சந்திரவல்லி கட்டிக்கொண்டிருந்த பொட்டலம் கையிலேயே இருந்தது. எட்டு வருஷம் பயின்றதில் முதல் பாடமே அதுதான்: சொன்னது இந்த நாலு சுவரைத் தாண்டக்கூடாது. அதை அவளே ஒரு காகிதத்தில் எழுதி மலைக்கு அனுப்பியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அமீருன்னிசா வந்தாள். இவளும் புதன்கிழமைக்காரிதான். கணவர் நூர் முகம்மது குவைத்தில் வேலை பார்த்தார். அவர் போன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. பொட்டலம் கட்ட வந்திருப்பதாகச் சொல்லிக் கீழே உட்கார்ந்தவள், சந்திரவல்லியின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டாள்.

பெயர் எதுவும் சொல்லாமல், மேலே இருக்கிறவர்களோடு பேச வழியில்லை என்று மட்டும் சந்திரவல்லி சொன்னாள்.

“எங்க வீட்டுல எப்பிடிப் பேசிக்கிறோம்?” என்றாள் அமீருன்னிசா. “அவுக அங்கேருந்து கேசட்டுல பேசி, வர்ற ஆளுகிட்டக் கொடுத்து விடுவாக. நான் கேட்டுட்டு, வேற கேசட்டுல பேசி அனுப்புவேன். எங்க டேப்ரெக்கார்டர எடுத்துட்டுப் போங்கக்கா. எழுதப் படிக்கத் தெரியாட்டி என்ன, ரெண்டு பட்டன அமுக்கத் தெரியாதா?”

“அது இல்லாம நீ என்ன செய்வே? அவரு குரலக் கேக்க வேணாமா?”

“கேட்டுக் கேட்டு அழுறதுதான் சோலியா இருக்கு. கொஞ்ச நாளு அது மேல இருக்கிறவுகளுக்கு ஒழைக்கட்டும்.”

தன்னிடம் ஆறுதல் தேடி வருகிறவளிடமே உதவி வாங்கக்கூடாது என்பதும் சந்திரவல்லி படித்த பாடம்தான். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

கடைத்தெருவில் புது கேசட்டு ஒன்று வாங்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். ஆளில்லாமல் பேசுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. “மாயக்கா, நாந்தான் பேசுறேன். கடுதாசி போட்டது என் தப்பு. ஒன்னையக் கேக்காம ஒன் விசயத்த எழுதிட்டேன். நீ என்னைய வையணும்னாலும் இதுலயே வையி. நான் ஒருத்திதான் கேப்பேன். கேட்டதும் அதுமேலயே பேசி அழிச்சிருவேன். வேற யாரு காதுக்கும் போகாது. ஒன்னைய மாதிரி வேற யாருக்காச்சும் பேசணும்னு இருந்தா, அவுகளும் பேசட்டும். ஒவ்வொருத்தரும் தனியாப் பேசணும்.”

பட்டன்களை எப்படி அமுக்குவது என்று வெள்ளைத்துரைக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் நின்ற மாயக்காளுக்குச் சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து டேப்ரெக்கார்டர் பெட்டி திரும்பி வந்தது. முதலில் இருந்தது மாயக்காளின் குரல். “நீங்களே இப்பிடிப் பண்ணலாமா நர்ஸம்மா? எனக்கு ஒலகத்துல ஒரே ஒரு எடந்தான் இருந்துச்சு. அதையும் கடத்தெரு ஆக்கிட்டீகளே.” அழுகை. மழைச் சத்தம். பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. சந்திரவல்லி நாடாவை ஓட்டிவிடவில்லை. நேரில் என்றால் எப்படி உட்கார்ந்திருப்பாளோ, அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் குரல் வந்தது. “நான் மருந்துப் பக்கம் போகல. போக நேரமில்ல. நேத்து ஏழு பேருக்கு நாந்தான் உப்புத்தண்ணி ஊத்துனேன். கை நடுங்கல. அதான் சொல்லணும்னு நெனச்சேன். இந்தா, மத்தவுகளும் பேசணுங்கிறாக. நான் வெளிய போயிர்றேன்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணாகக் காய் உலர்த்தும் கொட்டகைக்குள் வந்து பேசியிருந்தார்கள். கிணற்றைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றாள் ஒருத்தி. புருஷன் செத்தும் அழுகை வரவில்லை, தான் மனுஷிதானா என்று கேட்டாள் இன்னொருத்தி. ஐந்தாவதாக மொக்கம்மாள். அறுபது வயதுக்காரி, காய் பிரிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ மேடையில் பேசுவது போல உரக்க ஆரம்பித்தாள்.

“ராசிங்காபுரத்துல எம்மக பாண்டியம்மா இருக்கா. மூணு வருசமாப் பேச்சில்ல. அவ தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டான்னு கோவம். இப்பக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, வெக்கந்தான். மொதல்ல யாரு பேசுறதுன்னு. அவ எருமை சினையா இருந்துச்சாமே, கன்னு போட்டுச்சா? கேட்டுச் சொல்ல முடியுமா?” ஒரு இருமல். “இது ஓடுதா, நின்னு போச்சா?”

சந்திரவல்லி சிரித்துவிட்டாள். தூது போகக்கூடாது என்பது அவள் தொழிலில் இன்னொரு விதி. இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகாமல், அவர்களே பேசிக்கொள்ளத் துணிச்சல் கொடுக்கவேண்டும். அதனால் மொக்கம்மாளுக்கு, “பாதை தெறந்ததும் நீங்களே போயிக் கேளுங்க. ரெண்டு பேருமே அதுக்குத்தான் காத்திருப்பீக” என்று பதில் பேசினாள். ஒவ்வொருத்திக்கும் பதில் பேசினாள். சொன்ன வாக்குப்படி, அவர்கள் பேசியதன் மேலேயே பேசி அழித்தாள்.

பெட்டி மேலே போய்ச் சேர்ந்த நாளில் மொக்கம்மாள் படுத்தாள். அடுத்த நாள் போய்விட்டாள்.

சேதி கேட்டு பாண்டியம்மாள் ராசிங்காபுரத்திலிருந்து தோட்டத்துக் கேட்டு வரைக்கும் போயிருக்கிறாள். உள்ளே விடவில்லை. உடலை அங்கேயே சுண்ணாம்பு போட்டு அடக்கம் செய்துவிட்டார்கள். திரும்புகிற வழியில் வெள்ளைத்துரை சொன்னதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

“எங்காத்தா பெட்டியில பேசுச்சாமே. அத ஒரு தடவ போடுங்கம்மா. கேட்டுட்டுப் போயிர்றேன்.”

சந்திரவல்லி ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். பெட்டி மேலே இருக்கிறது, வரட்டும் என்று சொல்லலாம். அவள் சொல்லவில்லை.

“அது இல்ல பாண்டியம்மா. நான் அழிச்சிட்டேன்.”

“அழிச்சிட்டீகளா?” நம்பாதவள் போலக் கேட்டாள். “எங்காத்தாளையா?”

“பேசுறத வேற யாரும் கேக்கக்கூடாதுன்னு, கேட்டதும் அழிச்சிருவேன்னு சொல்லியிருந்தேன். ஒன்னையத் தேடி வந்து சொல்லாததும் என் தப்புதான். ஆத்தாளே நேர்ல சொல்லட்டும்னு விட்டுட்டேன்.”

பாண்டியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சந்திரவல்லியும் நாற்காலியை விட்டு இறங்கி அவள் எதிரில் உட்கார்ந்தாள். கேட்பதுதான் அவள் தொழில். கேட்டதை ஒரு சொல் பிசகாமல் மனதில் வைத்திருப்பது அவளுக்குப் பழக்கம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒனக்குச் சொன்னத மட்டும் நான் சொல்றேன். அது ஒன் சொத்து” என்று ஆரம்பித்தாள். மொக்கம்மாள் செருமியதையும் சொன்னாள். கோபமில்லை, வெட்கம்தான் என்றதையும், மொதல்ல யாரு பேசுறதுன்னு என்றதையும் அதே வரிசையில் சொன்னாள். எருமையைப் பற்றிக் கேட்டதையும், இருமியதையும், ‘இது ஓடுதா, நின்னு போச்சா’ என்றதையும் சொன்னாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள் பாண்டியம்மாள்.

சொன்னாள். மூன்றாவது தடவையும் சொன்னாள்.

“கெடேரிக் கன்னு போட்டுச்சு ஆத்தா” என்றாள் பாண்டியம்மாள், சந்திரவல்லியைப் பார்க்காமல். “போன அம்மாசிக்கு.” அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பெட்டி கீழே வந்த அன்று சாயங்காலமே சந்திரவல்லி மறுபடி பேசி அனுப்பினாள். மொக்கம்மாள் விஷயத்தில் தான் செய்ததை மறைக்காமல் சொன்னாள். “இனிமே நீங்க சொல்றபடி செய்றேன். எத அழிக்கணும், எத வெச்சிருக்கணும், எத யாருகிட்டச் சொல்லணும்னு ஒவ்வொருத்தரும் சொல்லுங்க. தூது போகச் சொன்னாலும் போறேன்.” இந்தத் தடவை இரண்டு கேசட்டு அனுப்பினாள். ஒன்று அவள் காதுக்கு மட்டும். இன்னொன்று அவரவர் வீட்டுக்கு.

வீட்டுக்கான கேசட்டு நிரம்பி வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவளும் அமீருன்னிசாவும் வீடு வீடாகப் போனார்கள். போடித் தெருக்கள், ராசிங்காபுரம், தேவாரம் என்று பஸ்சில் அலைந்தார்கள். சில வீடுகளில் நோய்க்குப் பயந்து வாசலிலேயே நிற்க வைத்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து மகள் குரல் வந்ததும் அதே ஆட்கள் ஓடி வந்தார்கள். பதில் பேசச் சொன்னால் எல்லாரும் வாயடைத்து நின்றார்கள். அமீருன்னிசாதான் சொல்லிக் கொடுத்தாள்: “பெட்டியப் பாக்காதீக. ஒங்க மகளப் பாத்துப் பேசுங்க. இருமுறதுன்னா இப்பவே இருமிருங்க. சாப்ட்டியான்னு ஆரம்பிங்க, அதுக்கப்புறம் தானா வரும்.” திரும்பி வருகிற பஸ்சில் சந்திரவல்லியின் தோளில் சாய்ந்து அவள் தூங்கிவிட்டாள். போடி வந்தும் எழுப்ப மனசில்லாமல், கண்டக்டர் சத்தம் போடும்வரை சந்திரவல்லி அசையாமல் இருந்தாள்.

இதையெல்லாம் பார்த்த பெரிய டாக்டர் ஒருநாள் அறைக்குள் வந்து, உப்பு மூட்டையைத் தானே நகர்த்தி இரண்டாவது நாற்காலியை எடுத்துப் போட்டார். “மேல தண்ணி குடிக்கப் பயந்துக்கிட்டு இருந்த சனம், இப்ப நாம சொல்றபடி கொதிக்க வெச்சுக் குடிக்குதாம்” என்றார்.

கார்த்திகை பிறந்து ஒன்பதாம் நாள் பாதையைத் திறந்தார்கள். அது ஒரு புதன்கிழமை. மூட்டைகளை வெளியே அனுப்பி, அறையைக் கழுவி, பானையில் புதுத் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுச் சந்திரவல்லி காத்திருந்தாள். முதல் லோடு ஜீப்பு இறங்கிவிட்டது என்று தெரிந்தது. பத்து மணி, பதினொன்று. மாயக்காளைக் காணோம். இன்னும் மன்னிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மன்னித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு வெள்ளைத்துரை தலையை நீட்டினார்.

“மாயக்கா வந்துச்சா வெள்ளைத்துரை அண்ணே?”

“மொத ஜீப்புலயே வந்துருச்சே. இங்க வா, கொண்டாந்து விடுறேன்னேன். வேணாம்னு ராசிங்காபுரம் பஸ்சு ஏறிடுச்சு. மொக்கம்மா கடேசி நேரத்துல மாயக்கா மடியிலதான் கெடந்துச்சாம். தண்ணி கேட்டது, சொன்னது எல்லாம் அந்தப் பாண்டியம்மாகிட்ட வெரசாச் சொல்லணுமாம். ஒங்ககிட்ட அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லச் சொல்லுச்சு.”

சந்திரவல்லி கொஞ்ச நேரம் எதிரில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை கழுவிவிட்டு வந்து, தூக்குவாளியைத் திறந்து, வெகு நாளைக்குப் பிறகு நிதானமாகச் சாப்பிட்டாள்.